கழுவினால் போகிற நோயல்ல

அந்தரங்கத்தில் அரிக்கிறது, திரிந்த பால்போல் வெள்ளை போகிறது என்று ஒரு பெண் வாய்திறந்து சொல்வதே அபூர்வம். சொன்னால் வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் முதல் பதில், ‘நல்லா சுத்தமா கழுவுறியா?’ என்பதுதான். அம்மா கேட்கிறாள், மாமியார் கேட்கிறாள், சில நேரம் மருத்துவரும் கேட்கிறார். அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது: அசுத்தத்தால் வந்த நோய், அசுத்தமாக இருந்தவள் நீ. தீர்ப்பையொட்டிச் சிகிச்சையும் தொடங்கிவிடுகிறது. வெந்நீர், சோப்பு, படிகாரத் தண்ணீர், கிருமிநாசினி, விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவம். அதற்கு அடங்காவிட்டால் ‘உடம்பு சூடு’ என்று இளநீரும் வெந்தயமும். அதற்கும் அடங்காவிட்டால், வீட்டு ஆண் ஒருவர் மருந்துக் கடைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டு வாங்கிவரும் மாத்திரை.

மூன்று வழிகளும் வேறு வேறாகத் தோன்றினாலும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: இது என்னவென்று எல்லோருக்கும் தெரியும், பார்த்துச் சோதிக்கத் தேவையில்லை. அந்த எண்ணத்தைத்தான் இங்கே மறுக்கிறேன். பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்று அழுக்கால் வருவதில்லை, கழுவினால் போவதில்லை, சோதிக்காமல் இன்னதென்று சொல்லிவிடக்கூடியதும் இல்லை. அதை நோயாக எண்ணாமல் பெண்ணின் பழக்கக் குறையாக எண்ணுவதால் நம் பெண்கள் படும் துன்பம், அந்தப் பூஞ்சை தரும் துன்பத்தைவிடப் பெரிது.

நோயைத் தருவது கேண்டிடா என்ற பூஞ்சை. பெரும்பாலும் அதில் அல்பிகன்ஸ் என்ற இனம். இது தெருவிலிருந்து அழுக்கோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலேயே 100க்கு 10 முதல் 20 பேரின் யோனியில் இது இருக்கிறது. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வரும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நான்கில் மூன்று பேர் அழுக்கானவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அழுக்குதான் காரணம் என்றால் யாருக்கு இது அதிகம் வரவேண்டும்? மண்ணில் புரண்டு விளையாடிவிட்டு அரைகுறையாகக் கால் கழுவும் ஏழு வயதுச் சிறுமிக்கு வரவேண்டும். அவளுக்கு இது வருவது அரிது. பூப்படைந்த பிறகே தொடங்குகிறது. வீடே தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொள்ளும் கர்ப்பிணிக்கு அதிகமாகிறது. மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி குறைந்துவிடுகிறது. வயதோடு இப்படி ஏறி இறங்குவது குளியல் பழக்கமா? இல்லை, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது மிகுந்திருக்கும் காலத்தில் யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது, பூஞ்சை ஒட்டி வளரத் தோதாகிறது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வேறு ஏதோ காய்ச்சலுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் ஆகியவையும் வழி திறந்துவிடுகின்றன. இந்தப் பட்டியலில் எங்கும் சோப்புக்கு இடமில்லை.

இன்னும் தெளிவான சான்றும் உண்டு. அமெரிக்காவில் பால் ஃபிடெல் என்ற ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான பெண்கள் சிலர் தாங்களே முன்வந்து உயிருள்ள கேண்டிடாவை யோனிக்குள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒரு சிலருக்கே நோய் அறிகுறி வந்தது. மற்றவர்களில் பலருக்குப் பூஞ்சை தங்கியும் அரிப்பு வரவில்லை. அறிகுறி வந்தவர்களிடம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் திரண்டு வந்திருந்தன. சிவப்பதும் வீங்குவதும் எரிவதும் பெருமளவுக்கு உடல் காட்டும் எதிர்வினை என்பது அதிலிருந்து விளங்கியது. பூஞ்சையை நேராக உள்ளே வைத்தபோதே பலருக்கு நோய் வரவில்லை என்றால், யாரோ ஒருத்தி சரியாகக் கழுவாததால் அது வந்தது என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்?

கழுவுவதால் கெடுதல் இல்லையே, செய்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். கெடுதல் இருக்கிறது. ஆரோக்கியமான யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை சுரக்கும் லாக்டிக் அமிலத்தால் அங்கே அமிலத்தன்மை 3.8 முதல் 4.5 பி.எச். அளவில் நிற்கிறது. பிற கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது அதுதான். உள்ளே சோப்பு நீரையும் கிருமிநாசினியையும் பாய்ச்சினால் முதலில் அழிவது அந்தக் காவல். உள்ளே கழுவும் பழக்கமுள்ள பெண்களுக்குப் பாக்டீரியாவால் வரும் வேறொரு யோனித் தொற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஏற்கெனவே வெடித்துப் புண்ணாகியிருக்கும் தோலின்மேல் படிகாரமும் கிருமிநாசினியும் பட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பி.எச். அளவைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்களை வாங்கும் முன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: பூஞ்சைத் தொற்றில் பி.எச். பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருக்கும். சரிசெய்ய அங்கே ஒன்றுமில்லை. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலர விடுவது போதும். இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை, நனைந்த துணியை உடனே மாற்றுவது ஆகியவை தோலுக்கு இதம் தரும். இதம் வேறு, சிகிச்சை வேறு.

சூடு என்ற விளக்கத்தையும் பார்த்துவிடுவோம். இளநீர் குடிப்பதிலும் வெந்தயம் சாப்பிடுவதிலும் தவறில்லை. ஆனால் அவற்றுக்கு அடங்கியதாகச் சொல்லப்படும் வெள்ளையில் பெரும்பகுதி நோயே இல்லை. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வழவழப்பாகவும் அதன் பிறகு கெட்டியாகவும் திரவம் வெளிவருவது பெண்ணுடலின் இயல்பு. நாற்றமோ அரிப்போ வலியோ இல்லாத வெள்ளை தானாக வந்து தானாகக் குறைவது. அதைக் கண்டுதான் ‘எலும்பு உருகிப் போகுது’ என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களைப் பயமுறுத்தி வந்திருக்கிறோம். எலும்பு உருகி அந்த வழியாக வெளியேறுவதில்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2,400க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளைப்படுகிறது என்று முறையிட்ட பெண்களில் பெரும்பாலோருக்குத் தொற்று இல்லை என்று காட்டியது. அந்த முறையீட்டோடு நெருக்கமாகச் சேர்ந்திருந்தவை மனச்சோர்வும் பதற்றமும் உடல் அசதியும். கைகால் ஓய்ந்துபோகிறது, இடுப்பு வலிக்கிறது, வெள்ளைப்படுகிறது என்று ஒரே மூச்சில் சொல்லும் பெண்ணுக்குக் குளிர்ச்சியும் போதாது, பூஞ்சை மாத்திரையும் போதாது. அவளுடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, வீட்டில் அவள் நிலைமை என்ன என்று யாராவது கேட்க வேண்டும்.

அடுத்தது, குடும்பங்களைக் குலைக்கும் சந்தேகம். மருத்துவம் பூஞ்சைத் தொற்றைப் பால்வினை நோய்களோடு சேர்ப்பதில்லை. உடலுறவே அறியாத பெண்ணுக்கும் வரும். மனைவிக்கு வந்தால் கணவனையும், கணவனுக்கு வந்தால் மனைவியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இதில் எதுவும் இல்லை. அறிகுறி இல்லாத துணைக்கு வழக்கமாகச் சிகிச்சையும் தேவையில்லை. கல்யாணமாகாத பெண் இதை வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது பூஞ்சைக்குப் பயந்தல்ல. நாம் சொல்லப்போகும் சொல்லுக்குப் பயந்து.

இனி மாத்திரை. ஃபுளுக்கோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை, அல்லது யோனிக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை: எளிய பூஞ்சைத் தொற்றுக்கு இவை நல்ல மருந்துகள். இரண்டு மூன்று நாளில் அரிப்பு தணியத் தொடங்கும். மருந்தின்மேல் எனக்குக் குறையில்லை. அது பூஞ்சைத் தொற்றுதான் என்று யார் முடிவுசெய்தார்கள் என்பதே கேள்வி. அமெரிக்காவில், கடையில் தாங்களாகவே பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியாத் தொற்று, சிலருக்கு இரண்டும் கலந்து. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு நோயே இல்லை. பாக்டீரியாத் தொற்றுக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கும் பூஞ்சை மருந்து ஒன்றும் செய்யாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வரும் அரிப்பு, தோல் வறண்டு மெலிந்ததாலோ, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாலோ இருக்கலாம். அந்த வயதில் ரத்தம் கலந்த கசிவு வந்தால் கருப்பைவாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளும் வரை எந்தக் களிம்பும் சிகிச்சையாகாது. இத்தனையையும் ‘வெள்ளைக்கு ஒரு மாத்திரை’ என்ற ஒற்றை வரியில் அடக்கிவிட்டோம்.

அந்த ஒற்றை வரிக்குக் கடையில் கிடைப்பது பல நேரம் ஒற்றை மருந்துகூட இல்லை. ஃபுளுக்கோனசோல், அசித்ரோமைசின், செக்னிடசோல் மூன்றையும் ஒரே அட்டையில் அடைத்த தொகுப்பு கைமாறுகிறது. எது இருந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும் என்பது கணக்கு. வெறும் பூஞ்சைத் தொற்று உள்ள பெண்ணுக்கு இதில் இருக்கும் ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகே பூஞ்சைத் தொற்று வரும் பெண்கள் ஏராளம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் அபாயம் புரியும். கர்ப்பிணிக்கு ஃபுளுக்கோனசோல் மாத்திரையைத் தவிர்த்து, உள்ளே வைக்கும் மருந்தை ஏழு நாள் தருவதே வழிகாட்டு நெறி. கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாகக் காணப்பட்டதை டென்மார்க்கில் 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. கடைக்காரர், ‘மாசமா இருக்காங்களா?’ என்று கேட்கிறாரா? வாங்க வந்த ஆணுக்கு அதற்குப் பதில் தெரியுமா?

இன்னும் மோசமானது அரிப்புக்கென்று விற்கப்படும் கலவைக் களிம்பு. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே பெட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டாசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. பூசியவுடன் அரிப்பு அடங்குவதால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. அடங்கியது அரிப்புதான், பூஞ்சையல்ல. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அமுக்கிவிட, பூஞ்சை உள்ளே பரவுகிறது. தோல் மெலிந்து, தொடை இடுக்கில் கோடு கோடாக வரி விழுகிறது. அந்த வரி பிறகு மறைவதில்லை. வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் 14ஐ 2018இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற உத்தரவு அது. தெருமுனைக் கடையில் அதற்கு என்ன மரியாதை என்பது வாங்கும் எல்லோருக்கும் தெரியும்.

‘மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப வருதே, அப்போ சுத்தக் குறைவுதானே’ என்று கடைசி அம்பை எய்வார்கள். ஆண்டுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவம் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று தனியாக வகைப்படுத்துகிறது, சிகிச்சையும் வேறு. ஜாக் சோபெல் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட 387 பெண்களுக்கு முதலில் நோயை அடக்கிவிட்டு, பிறகு ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு ஃபுளுக்கோனசோல் மாத்திரை ஆறு மாதம் தரப்பட்டது. ஆறு மாத முடிவில் அவர்களில் 90.8 சதவீதம் பேர் நோயின்றி இருந்தார்கள். மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 35.9 சதவீதம் பேர். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழிந்தபோது முதல் பிரிவிலும் 42.9 சதவீதம் பேரே நோயின்றி இருந்தார்கள். மருத்துவர்களின் கண்காணிப்பில் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பெண்களுக்கே பாதிக்கு மேல் திரும்பி வந்தது. திரும்பி வருவது இந்த நோயின் குணம், அவளுடைய குற்றமல்ல. சில நேரம் இனமே வேறாக இருக்கும். கிளாப்ரேட்டா என்ற இனத்துக்கு ஃபுளுக்கோனசோல் பல வேளை கேட்பதில்லை. அதைக் கண்டறியக் கசிவை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும். அதே மாத்திரையை ஐந்தாம் முறை வாங்குவதால் பூஞ்சையின் இனம் மாறிவிடாது.

திரும்பத் திரும்ப வரும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று சர்க்கரை. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு. ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை மிகும்போது பூஞ்சை செழிக்கிறது. அடிக்கடி வரும் அந்தரங்க அரிப்பு, சிலருக்கு நீரிழிவின் முதல் அடையாளம். ‘சுத்தமா இரு’ என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும் அந்த அடையாளத்தைத் தவறவிடுகிறோம். நோய் தெரிந்து மருந்து சாப்பிடுபவர்களிடமும் இன்று புதிய காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பெரிய நன்மை தருபவை. டாபாகிளிஃபுளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்ததும் விலை இறங்கி, பயன்பாடு பரவியது. இவற்றைச் சாப்பிடுபவர்களுக்குப் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் அரிப்பு வந்தவுடன் மருத்துவரிடம் வருவார்கள். சொல்லாவிட்டால் வெட்கத்தில் ஒளிப்பார்கள், அல்லது உயிர் காக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவார்கள்.

இது பெண்களின் நோய் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. ஆணுக்கு ஆண்குறியின் முனையில் சிவந்து, எரிந்து, முன்தோல் வெடித்து வருவதும் இதே கேண்டிடாவால் வரக்கூடும். முன்தோல் இறுகிப் பின்னே தள்ள முடியாமல் போன பிறகே பலர் மருத்துவரிடம் வருகிறார்கள். அவர்களில் சர்க்கரை இருப்பதையே அன்றுதான் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. கவனியுங்கள், ஆணிடம் யாரும் ‘சுத்தமா இருக்கியா’ என்று முதலில் கேட்பதில்லை. சர்க்கரை பார்த்தாயா என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி அதுதான். அதைப் பெண்ணிடமும் கேளுங்கள்.

எதிர்வாதங்களில் வலுவான ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரைநாள் சம்பளம் போகும். ஆண் மருத்துவர் இருந்தால் சொல்ல முடியாது. மருந்துக் கடையாவது பக்கத்தில் இருக்கிறது என்பார்கள். உண்மை. அரசே இந்தக் கஷ்டத்தை உணர்ந்துதான் பரிசோதனைக்கூடம் இல்லாத இடங்களில் அறிகுறியைக் கொண்டு சிகிச்சை தரும் முறையை ஏற்றது. வெள்ளைப்படுதலுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தரும் பச்சை நிறப் பொதியில் செக்னிடசோலும் ஃபுளுக்கோனசோலும் இருக்கின்றன. ஆனால் அது பயிற்சி பெற்றவர் கேள்வி கேட்டு, முடிந்தவரை பரிசோதித்து, மறுபடி வரச்சொல்லித் தரும் மருந்து. கேள்வியும் பரிசோதனையும் போய் அட்டை மட்டும் கடைக்கு வந்துவிட்டதே என் குறை. வறுமையும் தூரமும் பரிசோதனையை அருகில் கொண்டுவரச் சொல்லும் காரணங்கள். பரிசோதனையே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல.

அதைக் கொண்டுவருவது பெரிய செலவும் இல்லை. பி.எச். காட்டும் தாள் துண்டு ஒன்று, கண்ணாடி வில்லையில் கசிவின் ஒரு துளியோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி, நுண்ணோக்கி ஒன்று. பூஞ்சை இழைகள் அதில் தெரியக்கூடும். தெரியாமல் போனாலும் சந்தேகம் இருந்தால் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். உள்பரிசோதனைக்கு அஞ்சும் பெண்ணும் கல்யாணமாகாத பெண்ணும் பஞ்சுக்குச்சியால் தாமே மாதிரி எடுத்துத் தரலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். ‘அரிப்பு, எரிச்சல் ஏதாவது இருக்கா அக்கா?’ என்ற ஒரு கேள்வியை அவர்கள் சேர்த்துக் கேட்டால், ஆயிரம் விளம்பரங்கள் செய்யாததை அது செய்யும். மருந்து இல்லாததால் நாம் தவிக்கவில்லை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்தை 1950இல் உலகுக்கு அறிவித்தார்கள். 70 ஆண்டுகளுக்கு மேலாக மருந்துள்ள நோய்க்குப் படிகாரத் தண்ணீரைக் கையில் கொடுத்து அனுப்பும் நாம், அதைச் சிக்கனம் என்றோ பழக்கம் என்றோ சொல்லிக்கொள்ளக் கூடாது. அது அலட்சியம்.

ஆகவே, அம்மாக்களே, மகள் அரிப்பு என்று சொன்னால் அவளுடைய குளியலை விசாரிக்காதீர்கள். கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கணவன்மார்களே, கடையில் போய் அவளுக்காக மருந்து கேட்பதை விட்டு, அவளோடு மருத்துவமனை வரிசையில் நில்லுங்கள். முதல் முறை வந்தால், கர்ப்பமாக இருந்தால், சர்க்கரை இருந்தால், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ ரத்தக் கசிவோ சேர்ந்தால், ஆண்டில் மூன்றாம் முறை வந்தால், சோதிக்காமல் ஒரு மாத்திரையும் போடாதீர்கள். மருத்துவர்களே, எழுதும் முன் பாருங்கள். திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அவளுக்கு வந்திருப்பது பெயருள்ள, காரணமுள்ள, மருந்துள்ள ஒரு தொற்று. தொண்டை வலியோடு வருபவரிடம் எந்தப் பழியும் சுமத்தாமல் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறோம். அதே நேர்மையான பரிசோதனை இந்தப் பெண்ணுக்கும் உரியது, அதை அவள் தலைகுனியாமல் கேட்டுப் பெற வேண்டும்.